இருநூற்று முப்பதாம் பக்கம்

திண்டிவனம்,
22.6.2025, ஞாயிறு

அன்புள்ள கலைமதி அக்காவுக்கு,

செல்வி எழுதுவது. இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் எல்லாக் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருடம் கல்யாணமாகிப் போகும்போது, "ஹாஸ்டல்ல சோறு நல்லா இருக்குன்னு எங்கிட்ட பொய் சொல்லாதடி" என்றாய். சோறு நன்றாக இல்லை. முட்டை போடும் நாள் மட்டும் பரவாயில்லை. எனக்கு உடம்பு சுகம். உனக்கும் ராஜ்குமார் மாமாவுக்கும் சுகம்தானே?

வார்டன் மேடத்தின் போனுக்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்றேன். மூன்று முறையும் மாமாதான் எடுத்தார். ஒரு முறை நீ தூங்குகிறாய், ஒரு முறை குளிக்கிறாய், ஒரு முறை பூசைக்குப் போயிருக்கிறாய். உன் போன் ரிப்பேராம். மாமா செல்போன் ரிப்பேர் கடைதானே வைத்திருக்கிறார்? அதனால்தான் கடிதம்.

நம் புத்தகம் என் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. பக்கத்துப் பாயில் படுக்கும் ரோஜா, "அட்டையே இல்லாத இங்கிலீஷ் புக்கை ஏன்டி தூக்கிக்கினு திரியிற?" என்று கேட்டாள். அவளிடம் எல்லாம் சொன்னேன். உனக்குப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பில் ஒரு பழைய கறுப்பு வெள்ளை ஹாலிவுட் படம் இருந்தது, பெயர் வரும் இடம் கெட்டுப்போயிருந்ததால் நாமே விளக்குப் படம் என்று பெயர் வைத்தோம் என்றேன். பாறைமேல் ஒரு கலங்கரை விளக்கத்தில் மாட்டிக்கொண்ட பெண், தினமும் விளக்கேற்றுகிறாள், ஒரு நாள் வேண்டுமென்றே அணைத்துவிடுகிறாள், விளக்கைக் காணோமே என்று படகு தேடி வருகிறது என்று கதையும் சொன்னேன். அதே படத்தை எடுத்த வரலாறுதான் இந்தப் புத்தகம் என்பதை, பழைய பேப்பர் கடையில் உள்ளே இருந்த போட்டோவைப் பார்த்து நீ கண்டுபிடித்ததையும் சொன்னேன். அவள் கொட்டாவி விட்டாள்.

பக்கம் சொல் ஆட்டத்தைக் கடிதத்திலேயே தொடர்வோமா? விதி பழையதுதான். படம் எடுத்தபோது நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும், பக்க எண்ணும் சொல்ல வேண்டும். நீ மனப்பாடமாகச் சொல்வாய். நான் புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்ப்பேன். இப்போது உனக்கு 41 புள்ளி, எனக்கு 38.

என் முறை: தூரத்தில் தெரியும் கலங்கரை விளக்கம் மூன்றடி உயரம்தான். சாந்து பூசிய பொம்மை. பக்கம் 34.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
செல்வி

*

விழுப்புரம்,
3.7.2025

அன்புத் தங்கை செல்விக்கு,

அக்கா எழுதுவது. சுகம். உன் சுகத்துக்கு மாதாவை வேண்டிக்கொள்கிறேன். 34 சரி. இப்போது உனக்கு 39.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. மாமா நன்றாகப் பார்த்துக்கொள்கிறார். எங்களுடையது மாடி வீடு என்று உனக்குத் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜன்னல் விளக்கைப் போட்டுவிட வேண்டும். தெருமுனைக் கடையிலிருந்து பார்த்தால் தெரியும். நான் வீட்டில்தான் இருக்கிறேன் என்று மாமாவுக்கு நிம்மதி. நம் படம் மாதிரியே இல்லை? எனக்கே சிரிப்பு வருகிறது.

என் முறை: அவள் விளக்கை அணைக்கும்போது ஸ்டுடியோவில் இருந்த எல்லா விளக்குகளையும் நிஜமாகவே அணைத்துவிட்டார்கள். பதினொரு விநாடி திரையில் ஒன்றுமே தெரியாது. மெஷின் கெட்டுவிட்டது என்று ஜனங்கள் எழுந்து போய்விடுவார்கள் எனத் தயாரிப்பாளர் சண்டை போட்டார். பக்கம் 196.

இந்தக் கடிதத்தை மாமாவே தபாலில் போடுகிறார். எனக்கு அந்த அலைச்சல்கூட இல்லை.

அன்புடன்,
அக்கா

*

திண்டிவனம்,
13.7.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். 196 சரி. உனக்கு 42.

கவரின் மேல் முகவரி மாமாவின் கையெழுத்தில் இருந்தது. ஓரம் இரண்டு முறை ஒட்டப்பட்டிருந்தது, கீழே பசை, மேலே செல்லோ டேப். எதையோ எழுத மறந்து நீ திரும்பவும் பிரித்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். ஆனால் புதிதாக ஒரு வரியும் சேர்ந்திருக்கவில்லை.

என் முறை: நடிகையின் இடது கை கதவில் மாட்டி இரண்டு விரல்கள் முறிந்தன. படப்பிடிப்பை நிறுத்தினால் நஷ்டம் என்று கட்டுப்போட்டு நடிக்க வைத்தார்கள். அதன் பிறகு வரும் காட்சிகளில் இடது கையைப் பார்க்கவே முடியாது, சால்வைக்குள் இருக்கும். நாம் அதைக் குளிர் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். பக்கம் 61.

ஆகஸ்ட் 15 மாதா தேருக்கு ஊருக்கு வருவாய்தானே? எனக்கும் லீவு. அம்மா இப்போதே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அன்புடன்,
செல்வி

*

விழுப்புரம்,
9.8.2025

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. தேருக்கு வர முடியாது. கடையில் மாமாவுக்கு வேலை அதிகம். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்.

61 சரி. என் முறை: அந்தப் பெண் இருக்கும் அறைக்கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கிடையாது. வெளியே மட்டும்தான். தினமும் காலையில் வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நடிகை ஒரு நாள் பயந்து சத்தம் போட்டாளாம், டைரக்டருக்குக் கோபம் வந்துவிட்டதாம். யாராவது பார்க்க வந்தால் தேவலை என்று அவள் சொன்னதாக எழுதியிருக்கும். பக்கம் 230.

230, செல்வி. நன்றாகத் தேடிப் பார். நீ கெட்டிக்காரி.

அக்கா

*

திண்டிவனம்,
17.8.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தேருக்கு நீ வராததால் அம்மா சப்பரத்தின் பின்னால் நடந்துகொண்டே அழுதார். உண்மையை எழுதுவேன் என்று சொன்னதால் எழுதுகிறேன்.

இந்தப் புள்ளி உனக்கு இல்லை. புத்தகத்தில் மொத்தமே 212 பக்கங்கள்தான். ஒருவேளை 130ஓ என்று பார்த்தேன், 203 பார்த்தேன், 23 பார்த்தேன். பிறகு முதலிலிருந்து கடைசி வரை ஒரு பக்கம் விடாமல் பார்த்தேன். அந்த அறைக்கதவு வெறும் ஒட்டுப்பலகை, அதற்குத் தாழ்ப்பாளே கிடையாது என்று 88ஆம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது. யாரும் யாரையும் பூட்டி வைக்கவில்லை.

இல்லாததை நீ எழுதி நான் பார்த்ததே இல்லை. உங்கள் மாடிக் கதவுக்குத்தான் வெளியே பெரிய கொக்கி இருக்கிறது, உன்னைக் கொண்டுவந்து விட்ட அன்று பார்த்தேன். அதை நினைத்துக்கொண்டு எழுதிவிட்டாயா? விதிப்படி ஒரு புள்ளி குறைகிறது. வருத்தப்படாதே.

அன்புடன்,
செல்வி

*

விழுப்புரம்,
1.10.2025

அன்புச்செல்விக்கு,

மாமா எழுதுவது. இங்க எல்லாரும் சவுக்கியம். உங்க அக்காவுக்குக் கதவுல கை மாட்டிக்கிச்சு. ரெண்டு விரல் சரியில்ல. இனிமே எழுத முடியாது. நீயும் எழுதாத.

உன் லெட்டரை நான் ரெண்டு தரம் படிச்சேன். நல்லா கவனிக்கிற பொண்ணு நீ. அந்தக் கவனத்தைப் பத்தாவது பரிட்சையில காட்டு. சினிமா புக்கு படிச்சுக்கினு இருந்தா உருப்பட மாட்ட.

ராஜ்குமார்

*

திண்டிவனம்,
8.10.2025

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

செல்வி எழுதுவது. நீங்கள் நலமா என்று கேட்டு மற்றதை எழுத எனக்குப் பொறுமை இல்லை, மன்னியுங்கள். லீவு முடிந்து திங்கட்கிழமை வந்தபோது மாமாவின் கடிதம் காத்திருந்தது. அதை இத்துடன் வைத்திருக்கிறேன். போனில் சொல்ல முடியாது. வார்டன் மேடம் ஸ்பீக்கரில்தான் போட்டுக் கொடுப்பார், சுற்றி நாற்பது பேர் இருப்பார்கள்.

அக்காவை மாமா வீட்டுக்குள் வைத்து வெளியே பூட்டிவிட்டுக் கடைக்குப் போகிறார். அவள் போனை அவர்தான் எடுத்து வைத்திருக்கிறார். அவள் கடிதங்களைப் படித்த பிறகுதான் தபாலில் போடுகிறார். இதை நேராக எழுத முடியாமல், படத்தைப் பற்றி எழுதுவதுபோல எனக்கு எழுதினாள். இல்லாத பக்கத்தின் எண்ணைப் போட்டாள். அந்தப் பக்கம் புத்தகத்தில் இல்லை என்றால் அது அவளுடைய சொந்தக் கதை என்று நான் புரிந்துகொள்வேன் என நம்பினாள். கெட்டிக்காரி என்று எழுதினாள்.

நான் பக்கம் பக்கமாகத் தேடி, நீ எழுதியது பொய் என்று பதில் போட்டேன். உன் வீட்டுக் கதவையா சொல்கிறாய் என்று வேறு கேட்டேன். அதை மாமா இரண்டு முறை படித்திருக்கிறார். பிறகு அவள் கை கதவில் மாட்டியிருக்கிறது. 61ஆம் பக்கத்தைக் கதவு, இரண்டு விரல் எல்லாம் சேர்த்து எழுதிக் கொடுத்ததும் நான்தான். சோறு இறங்கவில்லை, அப்பா. தயவுசெய்து போய் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். நாளைக்கே போங்கள்.

செல்வி

*

(வேர்க்கடலைப் பையில் வைத்து அனுப்பிய சீட்டு)

15.10.2025

செல்வி பாப்பாவுக்கு,

அப்பா எழுதறது. இங்க நானும் அம்மாவும் சுகம். மல்லாட்டை வறுத்து அனுப்பியிருக்கோம், ரோஜாவுக்கும் குடு.

மில்லுல லீவு சொல்லிட்டுத் திங்கக்கிழமை விழுப்புரம் போனேன். மாப்பிள்ளை கடையிலயே உக்கார வச்சு டீயும் பன்னும் வாங்கிக் குடுத்தாரு. "கலை மாத்திரை போட்டுக்கினு தூங்குது மாமா, எழுப்ப வேணாம்" அப்படின்னாரு. மரியாதையான மனுஷன். பொழுது சாயற வரைக்கும் இருந்தேன். அண்ணாந்து பார்த்தேன், ஜன்னல்ல லைட்டு எரிஞ்சிக்கினு இருந்தது. அது போதும்னு வந்துட்டேன்.

நீ புக்கு படிச்சுப் படிச்சு என்னென்னமோ நினைச்சுக்கிற. கட்டிக் குடுத்த எடத்துல போய் நாம பேஜார் பண்ணக் கூடாது. நாளைக்கு உனக்கும் எடம் பார்க்கணும். இந்தப் பேச்சை இதோட விட்டுடு.

சவுரிராயன்

*

2.11.2025, கல்லறைத் திருநாள்

செல்விக்கு,

அம்மா சொல்லச் சொல்லப் பக்கத்து வீட்டுக் கலைப்பிரியா எழுதுறேன். வேளைக்குச் சாப்புடு. இது அப்பாவுக்குத் தெரிய வேணாம்.

உங்க அப்பா லைட்டைப் பார்த்துட்டு வந்தாரு. எனக்குப் பொண்ணைப் பார்க்கணும். கலைப்பிரியாதான் பொம்பளைங்களுக்கு உதவுற நம்பருக்குப் போன் போட்டுக் குடுத்தா. வியாழக்கிழமை அங்கேருந்து ஒரு மேடமும் ஒரு போலீஸ் பொண்ணும் எங்கூட விழுப்புரம் வந்தாங்க.

கதவைத் தொறந்தவன் அவன். பின்னாடி கலை நின்னா. பாதியாயிட்டா செல்வி. மேடம் தனியா வாம்மான்னு கூப்பிட்டாங்க. அவன் வழிய விடல. "எதா இருந்தாலும் என் எதிர்ல சொல்லட்டும்" அப்படின்னான். இவ அவனைப் பார்த்தா, என்னைப் பார்த்தா. "எனக்கு ஒன்னும் இல்லம்மா, நீ போ" அப்படின்னா. "கையைக் காட்டுடி"ன்னு கேட்டேன். முந்தானைக்குள்ளயே வச்சிருந்தா. நீங்க ரெண்டு பேரும் பார்ப்பீங்களே அந்தப் படத்துக்காரி, சால்வைக்குள்ள கையை வச்சிருப்பாளே, அவளை மாதிரி.

கீழ வந்து மேடம் சொன்னாங்க: "பயப்படுறாங்கன்னு தெரியுதும்மா. ஆனா அவங்களே வேணாம்னு சொன்னா நாங்க எப்படிக் கூட்டிக்கினு வர்றது? வெளிய வர்றேன்னு ஒரு வார்த்தை, ஒரு சின்ன அடையாளம் காட்டினாப் போதும். நாங்க வாசல்ல நிப்போம்." எப்படிக் காட்டுவா செல்வி? நாங்க வந்துட்டுப் போனதுக்கே என்ன வாங்கினாளோ. எனக்குத் தூக்கமே இல்ல.

அம்மா

*

திண்டிவனம்,
9.11.2025, ஞாயிறு

மரியாதைக்குரிய ராஜ்குமார் மாமாவுக்கு,

அன்புச்செல்வி வணக்கத்துடன் எழுதுவது. நலம். தங்கள் நலமும் அக்கா நலமும் அறிய ஆவல்.

நீங்கள் சொன்னபடி சினிமாப் புத்தகத்தை மூடிவிட்டேன். நாளை பள்ளி நூலகத்தில் கொடுத்துவிடுவேன். கொடுப்பதற்கு முன் துடைத்தபோது, கடைசிப் பக்கங்கள் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டு பிரித்தேன். அக்கா சொன்ன 230ஆம் பக்கம் உண்மையிலேயே இருக்கிறது. சரியாகப் பார்க்காமல் அவளைப் பொய்க்காரி என்று எழுதிவிட்டேன். தப்பு என்னுடையது. அவளுக்குக் கை சரியில்லை என்பதால், அந்தப் பக்கத்தில் இருப்பதை நீங்களே அவளுக்குப் படித்துக் காட்டினால் என் மனம் ஆறும். அத்துடன் இந்த ஆட்டம் முடிந்தது.

"கடைசிக் காட்சியை 1947 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு எடுத்தார்கள். படகு எதிர்க்கரையில் வந்து நின்றது. படகில் நான்கு பெண்கள் இருந்தார்கள். இந்தப் படத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருந்தார்கள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் படகு திரும்பிவிடும். அவள் விளக்கை அணைத்தால் படகு வந்து அவளை ஏற்றிக்கொள்ளும். எந்த முடிவு என்பதை டைரக்டர் நடிகையின் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்."

இந்தப் புள்ளி அக்காவுக்குத்தான். நான் நன்றாகப் படிப்பேன் மாமா.

பணிவுடன்,
அன்புச்செல்வி

*

விழுப்புரம்,
15.11.2025

அன்புச்செல்விக்கு,

லெட்டர் கிடைச்சுது. செஞ்ச தப்பை ஒத்துக்கினியே, அது நல்ல பொண்ணுக்கு அழகு. உங்க அக்காவுக்குப் படிச்சுக் காட்டினேன். இன்னொரு தரம் படிங்கன்னா. படிச்சேன். அக்காவும் தங்கச்சியும் நல்ல சினிமாப் பைத்தியம்.

இனி லெட்டர் வேணாம்.

ராஜ்குமார்

*

விழுப்புரம்,
21.11.2025, வெள்ளி

அன்புள்ள அப்பாவுக்கு,

செல்வி எழுதுவது. நீங்கள் மில்லிலிருந்து வரும்போது வீடு பூட்டியிருக்கும். சாவி கலைப்பிரியா அக்காவிடம் இருக்கிறது. அம்மாவும் நானும் விழுப்புரத்தில், அக்கா வீட்டுக்கு எதிரே இருக்கும் பேக்கரியில் உட்கார்ந்திருக்கிறோம். அந்த மேடமும் போலீஸ் அக்காவும் கூட இருக்கிறார்கள். போலீஸ் அக்கா சாதாரணச் சுடிதாரில் வந்திருக்கிறார். அம்மா உங்களிடம் சொல்லாமல் வந்ததற்கு அம்மாவைத் திட்டாதீர்கள், என்னைத் திட்டுங்கள். நீங்கள் நம்பவில்லை என்பதால் நடப்பதை நடக்கும்போதே எழுதுகிறேன். வீட்டுக்கு வந்ததும் இதை உங்கள் கையில் கொடுப்பேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மாமாவுக்கு எழுதிய கடிதத்தில் நான் பொய் எழுதினேன். 230ஆம் பக்கம் கிடையாது. படத்துக்கு இரண்டு முடிவுகளும் கிடையாது, ஒன்றுதான். 1947ஆம் வருடக் காலண்டரும் இந்த வருடக் காலண்டரும் ஒரே மாதிரி, அந்த வருடமும் நவம்பர் 21 வெள்ளிக்கிழமைதான். அதனால் பழைய வருடத்தைப் போட்டு இன்றைய நாளை எழுதினேன். அந்தப் பக்கம் புத்தகத்தில் இல்லை என்று அக்காவுக்குத் தெரியும். மாமாவுக்குத் தெரியாது. அவர் வாயாலேயே அவளுக்குச் சொல்ல வைத்தேன். இன்னொரு தரம் படிக்கச் சொன்னாளாம். அந்த ஒரு வரியை நம்பித்தான் வந்திருக்கிறோம்.

அந்தப் பொய்யையும் மாமா கண்டுபிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் எழுத முடியவில்லை.

மணி 6.35. தூறல். மாடி ஜன்னலில் விளக்கு எரிகிறது. நீங்கள் பார்த்து, போதும் என்று திரும்பினீர்களே, அதே விளக்கு. கதவின் வெளியே பூட்டு தொங்குவது மாடிப்படிக் கம்பி வழியாக இங்கிருந்தே தெரிகிறது. போன தடவை மேடம் வந்தபோது மாமா வீட்டில் இருந்ததால் அது இல்லை. மேடம் அதை போனில் படம் எடுத்துக்கொண்டார்.

மணி 6.50. தெருமுனையில் மாமா கடையில் இருக்கிறார், யாருடைய போனையோ பிரித்துக்கொண்டிருக்கிறார். நிமிடத்துக்கு ஒரு முறை தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்க்கிறார். விளக்கு அணைந்தால் நமக்குத் தெரிவதுபோல அவருக்கும் தெரியும். இதை நான் முன்னாலேயே யோசிக்கவில்லை. போலீஸ் அக்காவிடம் சொன்னேன். "படிக்கட்டு நமக்குத்தான் கிட்ட. அவரு வந்தா நான் பார்த்துக்கிறேன், நீ எழுது பாப்பா" என்றார்.

மணி 7. விளக்கு எரிகிறது.

மணி 7.04. எரிகிறது. அம்மா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு பிரார்த்தனை சொல்லாமல் ஜன்னலையே பார்க்கிறார். டீ ஆடை கட்டிவிட்டது. மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். "ஏழரை வரைக்கும் இருக்கலாம்மா" என்றார்.

மணி 7.09. ஜன்னலில் நிழல் வந்தது. அக்காதான். கம்பியைப் பிடித்தாள், வலது கையால். இந்தப் பக்கம் பார்த்தாள். நான் எழுந்து நிற்கவில்லை, கையை ஆட்டவில்லை. எழுதிக்கொண்டே இருக்கிறேன். நான் எழுதுவது அவளுக்குத் தெரியட்டும். நிழல் உள்ளே போய்விட்டது. விளக்கு எரிகிறது. அம்மா, "அவளால முடியாது, அவ பயந்தவ" என்கிறார். பயந்தவள்தான் இல்லாத பக்கத்தைக் கண்டுபிடித்தாள், அப்பா.

மணி 7.11. மாமா தலையைத் தூக்கினார். குனிந்துவிட்டார்.

அப்பா, தெருவில் கரண்ட் இருக்கிறது. பேக்கரியில் எரிகிறது, கீழ்வீட்டில் எரிகிறது, பக்கத்து மாடியில் எரிகிறது. மேடம் எழுந்துவிட்டார். போலீஸ் அக்கா சாலையைக் கடந்து ஓடுகிறார். அக்கா ஜன்னல் விளக்கை அணைத்துவிட்டாள்.